கீழ்க் கொட்டகை மணி

ஜனவரி 11

காலையில் கதவைத் திறந்தால் முற்றமே இல்லை. நேற்று நான் வெட்டிவிட்ட வழி, வேலி, கோழிக்கூடு எல்லாவற்றையும் பனி மூடிவிட்டது. டிராக்டரின் புகைக்குழாய் மட்டும் கறுப்பாக நீட்டிக்கொண்டிருக்கிறது. மறுபடி மண்வாரி. மறுபடி தொழுவம் வரைக்கும் வழி. முதுகு கழன்றுவிட்டது.

ஆனாலும் பொய் எழுதக் கூடாது. எனக்கு இது பிடித்திருக்கிறது.

செருப்புத் தொழிற்சாலையில் பசை வாசனையோடு இருந்தேன். அது மூடியதும் ஜெர்மனிக்குப் போய் ஸ்ட்ராபெர்ரி பறித்தேன். அங்கே கக்கூஸுக்குப் போனால்கூட ஒருவன் கடிகாரத்தைப் பார்ப்பான். இங்கே, சித்தப்பாவின் மலைப் பண்ணையில், யாரும் பார்ப்பதில்லை. தொழுவக் கதவைத் திறந்ததும் ஆடுகளின் மூச்சு ஆவியாக முகத்தில் அடிக்கிறது. புல்லைப் போட்டதும் அத்தனை வாயும் மெல்லும் சத்தம், கூரையில் மழை விழுவது போல. அதைக் கேட்டபடி ஒரு சிகரெட். வேறென்ன வேண்டும் எனக்கு?

இந்த வீட்டில் ஒன்றுதான் புரியவில்லை. சித்தியை மூன்று தடவை கூப்பிட வேண்டியிருக்கிறது. முதல் தடவை திரும்புவதே இல்லை. இரண்டாம் தடவை கை அப்படியே நின்றுவிடுகிறது. காதில் விழுந்திருக்கிறது, ஆனாலும் திரும்புவதில்லை. மூன்றாவது தடவைதான், எதுவும் நடக்காதது போல, "என்னடி?" என்கிறாள்.

சித்தப்பாவிடம் கேட்டேன். "காது மந்தமா?"

"காதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்தக் குளிர்காலத்துல வந்த பழக்கம். நீ வேலையைப் பாரு, இலின்கா."

ஜனவரி 13

நாள் முழுக்கப் பனி. மக்காச்சோளக் களியும் ஆட்டுப் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டு அடுப்போரம் தூங்கினேன். சந்தோஷம். எழுதும்போதே வெட்கமாக இருக்கிறது.

ஜனவரி 16

நான் படுக்கும் அறை சமையலறைக்குப் பின்னால் இருக்கிறது. முன்பு இது மாரினெலுடைய அறை. எனக்கு முன்னால் இங்கே ஆடு பார்த்த ஆள். நவம்பர் கடைசியில் ஓடிவிட்டானாம். அதனால்தான் சித்தப்பா கீழே இறங்கிப் போய் அம்மாவுக்கு ஃபோன் போட்டார். முழங்கால் வலி, ஆள் இல்லை, வேலையில்லாமல் இருக்கிற உன் பெண்ணை அனுப்பு என்று.

இன்று கட்டிலுக்கு அடியில் பெருக்கினேன். பாதி தேய்ந்த சவர சோப்பு. கம்பளிக் கை உறை ஒரு ஜோடி. ஒரு ஃபோன் சார்ஜர். சட்டைப் பையில் வைக்கிற அளவில் மாதா படம்.

சாப்பிடும்போது கேட்டேன். "குளிர்காலத்துல ஓடிப்போற ஆளு கை உறையையும் சார்ஜரையும் விட்டுட்டா ஓடுவான்?"

சித்தப்பா ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, "நாடோடிப் பயலுக்கு எதுக்குடி சார்ஜர்? எங்கேயாவது இன்னொண்ணு திருடிக்குவான்," என்றார். "என் ஜெனரல் கழுத்து மணியையே கொண்டுபோயிட்டான். எங்க தாத்தா காலத்து வெண்கலம். விடிஞ்சு பார்த்தா கிடாய் நிக்குது, மணி இல்ல."

ஜெனரல் என்பது மந்தைக்கு முன்னால் நடக்கும் கிழட்டுக் கிடாய். போய்ப் பார்த்தேன். கழுத்தில் வார் இருந்த இடத்தில் கம்பளி தேய்ந்து வழுக்கையாகக் கிடக்கிறது. அறுத்த காயம், கீறல் எதுவும் இல்லை. நிதானமாகக் கொக்கியைக் கழற்றி எடுத்த மாதிரி.

ஓடுகிற அவசரத்தில் இருக்கும் திருடன் கொக்கியைக் கழற்றிக்கொண்டா நிற்பான்?

சித்தி முழு நேரமும் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜனவரி 19

டோரு அண்ணன் சக்கரத்துக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு ரொட்டி வண்டியை மேலே ஏற்றிவிட்டார். ஒரு வாரத்துக்குப் பிறகு புது முகம்! இந்தச் சரிவில் எங்களுக்குக் கீழே இருக்கும் முதல் வீடு அவருடையது.

"என்ன டவுன் ராணி, இன்னும் உறையலையா?"

"உங்க ரொட்டிதான் உறைஞ்சிருக்கு. போன வாரத்து ரொட்டியை வெச்சு ஆணி அடிச்சேன்."

"அடிச்சியா? அப்ப ஆணிக்கும் சேர்த்துக் காசு குடு."

அப்போது நான் சித்தியைக் கூப்பிட்டேன், பை எடுத்து வரச் சொல்ல. ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவதுக்குத்தான் உள்ளேயிருந்து "வரேன்" என்றாள். டோரு சிரிக்க ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திவிட்டார்.

"இன்னும் ஆந்த்ரேய் ராத்திரி முடியலையா உங்க வீட்ல?" என்றார் மெதுவாக.

ஆந்த்ரேய் ராத்திரி எனக்கும் தெரியும். நவம்பர் கடைசி. ஓநாய்கள் பேசுமாம், செத்தவர்கள் எழுந்து வருவார்களாம். நிலையிலும் ஜன்னலிலும் பூண்டு தேய்ப்பார்கள். பொழுது சாய்ந்து யாராவது வெளியிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டால் கதவைத் திறக்கக் கூடாது. செத்தவனால் இரண்டு தடவைதான் கூப்பிட முடியும், மூன்றாவது தடவை கூப்பிட்டால்தான் மனுஷன். டவுனில் எங்கள் அடுக்குமாடியில்கூட அம்மா பூண்டு தேய்ப்பாள். லிஃப்டில் ஏறியா வருவான் செத்தவன் என்று நான் கிண்டல் செய்வேன்.

"அது நவம்பர்ல. இப்ப ஜனவரி," என்றேன்.

டோரு ரொட்டியை எண்ணுவது போல நடித்தார். பிறகு, "கிறிஸ்துமஸுக்கு முன்னாடி அந்த மாரினெலோட அக்கா வந்துச்சு, தெரியுமா? தம்பியைக் கேட்டுக்கிட்டு. உங்க சித்தப்பா நாயை அவுத்து விட்டாரு," என்றார்.

"நீங்க என்ன பண்ணீங்க?"

"நான் என்ன பண்றது? வண்டில ஏத்திக் கீழ விட்டேன்."

பெருமையாகச் சொல்லவில்லை. ஏதோ கடனைக் கழித்துவிட்ட மாதிரி சொன்னார்.

எல்லோரும் அந்த ஆளை 'அவன்' என்கிறார்கள். நாற்பது வயதாம். இதுவரைக்கும் நானும் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். இனி 'அவர்'.

ஜனவரி 22

வெயில்! பனி கண்ணைக் குத்துகிறது. காலித் தீவனச் சாக்கில் வைக்கோலைத் திணித்து, அதன்மேல் உட்கார்ந்து சரிவில் சறுக்கினேன். சின்னப் பிள்ளை மாதிரி கத்தினேன். வாய்க்குள்ளெல்லாம் பனி. ஏறினேன், சறுக்கினேன், ஏறினேன். ஜன்னலில் சித்தி நின்று பார்த்தாள். அவள் சிரித்ததை இங்கே வந்த பிறகு இன்றுதான் பார்த்தேன்.

கடைசித் தடவை சாக்கு என் பேச்சைக் கேட்கவில்லை. நேராகக் கீழ்க் கொட்டகை வரைக்கும் போய்க் கவிழ்ந்தேன். எங்கள் வீட்டுக்கும் டோருவின் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற பழைய புல் கொட்டகை. காற்று அள்ளிக்கொண்டு வந்து கொட்டிய பனியில் கூரை வரைக்கும் புதைந்திருக்கிறது. கூரையின் ஒரு ஓரம் மட்டும் தெரிகிறது.

அந்தக் குவியலின் மேல் உர்சு படுத்திருந்தது. சித்தப்பாவின் பெரிய நாய். தினமும் இது எங்கே காணாமல் போகிறது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அதன் முன்னால் எலும்புகள். நான் போட்டவை எல்லாம் அங்கே இருந்தன, பன்றித் தொடை எலும்பு, கோழிக் கழுத்து. ஒன்றையும் கடிக்கவில்லை. வரிசையாக, யாருக்கோ கொண்டுவந்து வைத்த மாதிரி.

"உர்சு, வாடா."

வாலைக்கூட ஆட்டவில்லை.

அப்போது கேட்டது. மணி. ஒரே ஒரு அடி. தண்ணீருக்கு உள்ளேயிருந்து வருவது போல மங்கலாக. எனக்குக் கீழேயிருந்து.

சாக்கை அங்கேயே விட்டுவிட்டு ஏறி வந்தேன். ஓடவில்லை. ஓடவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

ஜனவரி 23

சித்தப்பாவிடம் சொன்னேன். "குளிர் காதுல ஏறிடுச்சு உனக்கு," என்றார். "கீழ்க் கொட்டகைப் பக்கம் போகாதே. கூரை உளுத்துப் போயிருக்கு. விழுந்தா உன் அம்மாவுக்கு யாரு பதில் சொல்றது?"

சித்தி கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. சாயங்காலம் பார்த்தால், நிலையில் பூண்டு தேய்த்துக்கொண்டிருக்கிறாள். ஜனவரியில். பழைய பூண்டு காய்ந்து மஞ்சளாகக் கிடக்கிறது. அதன்மேல் புதுசு.

எனக்குப் பேயில் நம்பிக்கை இல்லை. மணி அடிக்கிறதென்றால் அங்கே மணி இருக்கிறது. அவ்வளவுதான்.

அப்படியானால் அதை யார் அங்கே கொண்டுபோய் வைத்தது?

ஜனவரி 27

வடக்குக் காற்று. முட்டைக்கோஸ் சாப்பிட உட்கார்ந்தோம். மணி அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது. சந்தேகமே இல்லை, கீழேயிருந்துதான். ஒரு ஆடு நடந்தால் மணி தொடர்ந்து குலுங்கும். இது அப்படி இல்லை. யாரோ யோசித்து யோசித்து அடிப்பது போல.

மூன்று பேரும் மென்றுகொண்டிருந்தோம். மூன்று பேருக்கும் கேட்டது. சித்தப்பா எழுந்து ரேடியோவைத் திருப்பினார். விவசாயச் செய்தி. சத்தத்தை ஏற்றினார். இன்னும் ஏற்றினார். ஒருவன் யூரியாவைப் பற்றிக் கத்திக்கொண்டிருந்தான். நாங்கள் மென்றோம்.

பிப்ரவரி 2

மேல் கொட்டகையில் புல் தீரப் போகிறது. ஆடுகள் நிறைசினை. இப்போது வயிற்றைக் காயப் போட்டால் குட்டிகள் செத்துப் பிறக்கும். இது எனக்கே தெரியும்போது சித்தப்பாவுக்குத் தெரியாதா?

"கீழ்க் கொட்டகையில நிறையப் புல் இருக்குதாமே. சித்தி சொன்னா. தோண்டி எடுக்கலாம், நான் தோண்டறேன்."

"அது எலி தின்ன புல்லு."

"எலி தின்னது போக மிச்சமிருக்கும்ல?"

"ஏய்!" மேசையில் குத்தினார். பிளம் சாராயக் கிளாஸ் துள்ளியது. "இந்தப் பண்ணை யாருது? உன்னுதா? நான் வேணாங்கறேன்ல?"

தன் கையால் வளர்த்த ஆடுகள். ஒவ்வொன்றின் தாயையும் பாட்டியையும் சொல்லுவார். அவை பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, அந்தக் கதவு மட்டும் திறக்கக் கூடாது. அங்கே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அல்லது தெரிந்துகொள்ளாமல் இருக்கத் தெரியும். எனக்கும் மெல்லத் தெரிய ஆரம்பிக்கிறது. எழுத மாட்டேன். எழுதினால் உண்மையாகிவிடும் போலிருக்கிறது.

நான் ஏன் இன்னும் மண்வாரியை எடுத்துக்கொண்டு போகவில்லை? கூரை விழும் என்றா? கோழை.

பிப்ரவரி 5

கை இன்னும் வளையவில்லை. எழுத்து கோணல். இருந்தாலும் இப்போதே எழுத வேண்டும்.

மதியத்திலிருந்து பனிப்புயல். சாயங்காலம் ஒரு ஆடு முனகுவது கேட்ட மாதிரி இருந்தது. முன்கூட்டியே குட்டி போடப் போகிறதோ என்று போனேன். சித்தி நிலவறையில் முட்டைக்கோஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா அடுப்போரம் கண்ணை மூடியிருந்தார். சொல்லாமல் போனேன். இரண்டு பேரும் நான் என் அறையில் படுத்திருப்பதாக நினைத்துவிட்டார்கள்.

ஆடு போட்டுவிட்டது. சின்னக் குட்டி, உயிர் இருந்தது. வைக்கோலால் துடைத்துத் தாயிடம் விட்டுவிட்டு வெளியே வந்தேன். வெளியே ஒன்றும் இல்லை. வீடு இல்லை, ஜன்னல் வெளிச்சம் இல்லை, என் கை இல்லை. வெள்ளைகூட இல்லை, சாம்பல். திரும்பினால் தொழுவமும் இல்லை. நடந்தேன். எவ்வளவு நேரம் நடந்தேன், தெரியாது. வேலியில் மோதி விழுந்தேன். எழுந்தேன். கடைசியில் நெற்றி சுவரில் இடித்தது. தடவித் தடவி வந்தேன், கதவு.

உள்ளே தாழ்ப்பாள். பொழுது சாய்ந்ததும் சித்தப்பா போட்டுவிடுவார்.

தட்டினேன். கதவில் அப்பியிருந்த பனியில் கை பொத் பொத்தென்று விழுந்தது, சத்தமே இல்லை. "சித்தி!" என்றேன். என் குரல் இல்லை அது. கட்டையாக, ஆண் குரல் மாதிரி வந்தது. "சித்தி!" மூன்றாவது தடவை வாயைத் திறந்தேன், தாடை வரவில்லை. பூட்டிக்கொண்டது. மூன்றாவது தடவை கூப்பிட என்னால் முடியவில்லை!

உள்ளே சித்தப்பாவின் குரல் கேட்டது. கதவுக்கு ரொம்பப் பக்கத்தில்.

"திறக்காதே. அவன்தான். ரெண்டோட நிக்குது பாரு. அவன்தான், சாவெத்தா!"

பிறகு சித்தி. அமைதியாக. "தெரியும்."

தாழ்ப்பாள் விலகியது.

சித்தி விளக்கோடு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலே, பின்னால் இருக்கும் இருட்டைப் பார்த்தாள். நடுங்கவில்லை, அழவில்லை.

"உள்ள வா, மாரினெல்," என்றாள். "சூடா கஞ்சி இருக்கு."

நான் அவள் காலடியில் விழுந்தேன்.

பிப்ரவரி 6

புயல் நிற்கவில்லை. தொழுவத்தில் குட்டிக்குப் புட்டியில் பால் கொடுத்துக்கொண்டே சித்தி சொன்னாள். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். சொன்னபடி எழுதுகிறேன்.

"அன்னிக்கு மத்தியானமே பனி இறங்கிடுச்சு. ஜெனரலும் நாலஞ்சு ஆடும் மேல்மேட்டுலயே நின்னுபோச்சு. உங்க சித்தப்பா அவன்கிட்ட, 'ஜெனரல் இல்லாம இந்த வாசல்ல கால் வைக்காதே'ன்னாரு. ஈரமா இருக்குன்னு கை உறையைக் கட்டில் விளிம்புல காயப் போட்டிருந்தான். வெறுங்கையோட போனான். இருட்டறதுக்குள்ள மத்த ஆடுங்க தானா வந்துடுச்சு. தொழுவத்தைப் பூட்டினோம், ஓநாய் ராத்திரியாச்சே. பூண்டு தேய்ச்சேன். தாழ்ப்பாள் போட்டோம். அப்புறம் வந்தான்."

"எப்படித் தெரியும் அவர்னு?"

"மணி கேட்டுச்சுடி. ஜெனரலைக் கூட்டிக்கிட்டு வந்துட்டான். 'அக்கா'ன்னான். நான் தாழ்ப்பாள்ல கை வெச்சுட்டேன். உங்க சித்தப்பா, 'மூணாவது கூப்பிடட்டும்'னாரு. மறுபடி 'அக்கா'ன்னான். காத்திருந்தோம். நானும்தான் காத்திருந்தேன், இலின்கா. அவர்மேல மட்டும் போட மாட்டேன். கை தாழ்ப்பாள்லதான் இருந்துச்சு. மூணாவது வரல. அப்புறம் மணி கீழ போச்சு. போய்க்கிட்டே இருந்துச்சு. விடிஞ்சு பார்த்தா ஜெனரல் மட்டும் நிக்குது."

"போய்ப் பார்க்கல?"

"போறேன்னேன். 'மணியைத் தூக்கிட்டு ஓடிட்டான்'னாரு. ஓடிட்டான்னா நல்லதுதானேன்னு நெனச்சேன். நெனச்சுக்கிட்டேன்."

குட்டி பாலை உறிஞ்சி முடித்துவிட்டு அவள் விரலைச் சப்பிக்கொண்டிருந்தது.

"சித்தி, அன்னிக்கு வெளிய நின்னது சித்தப்பாவா இருந்தா?"

விரலைக் குட்டியின் வாயிலிருந்து உருவிக்கொண்டாள்.

"முதல் தடவையே திறந்திருப்பேன்."

பிப்ரவரி 7

ஆந்த்ரேய் ராத்திரியாம். செத்தவர்களாம். பூண்டாம். சொந்தக்காரன் நின்றால் அது வெறும் வழக்கம், கூலிக்காரன் நின்றால் அது சட்டம். இதை யார் முகத்திலாவது கத்த வேண்டும். யாரும் இல்லை, ஆடுகள்தான் இருக்கின்றன.

பனி நிற்கவில்லை.

பிப்ரவரி 8

விடியும்போது நின்றது. வானம் நீலமாக, எதுவுமே நடக்காதது போல.

நான் எழுவதற்குள் சித்தி மண்வாரியோடு இறங்கிவிட்டாள். நானும் போனேன். உர்சு குவியலின் மேலிருந்து இறங்கி எங்களுக்கு வழிவிட்டது. இரண்டு பேரும் தோண்டினோம். சித்தப்பா ஜன்னலில் நின்றார். வரவில்லை, தடுக்கவும் இல்லை. சூரியன் உச்சிக்கு வந்தபோது பலகை தட்டுப்பட்டது.

கதவை உள்பக்கம் தள்ளியதும் மணி அடித்தது. தலைக்கு மேலே. கதவை ஒட்டிய உத்தரத்து ஆணியில், வாரோடு மாட்டியிருந்தது. அந்த இடத்தில்தான், பனி மூடாத கூரை ஓரத்துக்குக் கீழே, இரண்டு பலகைக்கு நடுவே கை அகலத்துக்கு இடைவெளி. காற்று நுழையும் இடம். தேடிப் பார்த்து, அங்கே மாட்டியிருக்கிறார். தான் தூங்கிவிட்டாலும் காற்று அடிக்கும், யாராவது கேட்பார்கள் என்று.

கேட்டோம். திரும்பத் திரும்பக் கேட்டோம். ரேடியோவைப் போட்டோம்.

மாரினெல் புல்லுக்குள் குழி பறித்துப் படுத்திருந்தார். முழங்காலை மடக்கி, கைகளை அக்குளில் வைத்து. பக்கத்தில் புல் இன்னொரு பள்ளமாக அமுங்கியிருந்தது. பெரிய பள்ளம், ஆட்டுப் புழுக்கையோடு. ஜெனரல் விடியும்வரை அவரோடு படுத்திருந்து, பின்சுவரில் பெயர்ந்திருந்த பலகை வழியாக வெளியேறியிருக்கிறது. கிடாய் செய்த அளவுகூட அன்றைக்கு இந்தச் சரிவில் ஒரு மனுஷன் செய்யவில்லை.

குளிர் அவரை அப்படியே வைத்திருந்தது. முகத்தில் கோபமே இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சித்தி தன் சால்வையைக் கழற்றிப் போர்த்தினாள். "மாரினெல்," என்றாள். ஒரு தடவைதான்.

பிப்ரவரி 9

இங்கே ஃபோன் எடுக்காது. சரிவில் இறங்கி டோருவிடம் சொன்னேன், போலீஸுக்கும் அக்காவுக்கும் சொல்லச் சொல்லி. அவர் தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். வண்டிச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னிக்கு எங்க கதவையும் யாரோ தட்டினாங்க," என்றார்.

"எத்தனை தடவை?"

வண்டியில் ஏறிக் கிளப்பினார்.

பிப்ரவரி 11

போலீஸ்காரர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவனுக்குச் சளி. படம் எடுத்தார்கள், அளந்தார்கள், சித்தப்பா ஊற்றிய சாராயத்தைக் குடித்தார்கள்.

"குளிர்ல செத்திருக்காப்ல. விபத்து," என்றான் பெரியவன்.

"ரெண்டு வீட்டுக் கதவைத் தட்டியிருக்காரு. யாரும் திறக்கல."

"கதவைத் திறக்கலைன்னு எந்தச் சட்டத்துல கேஸ் போடறது, பாப்பா?"

பாப்பா! மேசையைக் கவிழ்க்கலாம் போலிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். சித்தப்பா பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மாரினெலின் அக்கா வந்தாள். பேர் லூமினித்சா. கறுப்புக் கோட்டு, பிளாஸ்டிக் செருப்புக்குள் இரண்டு ஜோடிக் காலுறை. கதவைத் தட்டவில்லை. முற்றத்திலேயே நின்றாள். போன தடவை நாயை அவிழ்த்துவிட்ட முற்றம். சித்தி ஓடிப்போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். நடந்ததை முழுக்கச் சொன்னாள், ஒன்றையும் குறைக்காமல், சித்தப்பா இருக்கும்போதே.

லூமினித்சா அழவில்லை. "எத்தனை தடவை கூப்பிட்டான்?" என்றாள்.

"ரெண்டு."

தலையை ஆட்டினாள். "அவன் அப்படித்தான். வெட்கம் ஜாஸ்தி. சின்ன வயசுலகூட ரொட்டி வேணும்னா ரெண்டு தடவை கேப்பான். குடுக்கலைன்னா போயிடுவான். எதையும் மூணு தடவை கேக்க மாட்டான்."

சித்தப்பா எழுந்து தொழுவத்துக்குப் போய்விட்டார்.

சோப்பு, கை உறை, சார்ஜர், மாதா படம். துணியில் கட்டிக் கொடுத்தேன். மணியையும் நீட்டினேன். அதை மட்டும் வாங்கவில்லை. "அவன் திருடலைன்னு இங்க இருக்கறவங்களுக்குத் தெரியணும். நீங்களே வெச்சுக்கங்க."

பிப்ரவரி 14

கீழே டவுன் ஓரத்தில் அடக்கம். மேல்சரிவு முழுக்க வந்தது, மெழுகுவத்தியோடு. நல்ல மனுஷங்க. "பாவம், அந்த ராத்திரி கொண்டுபோச்சு," என்றாள் ஒருத்தி. இன்னொருத்தி சிலுவை போட்டுக்கொண்டாள். ராத்திரி கொண்டுபோகவில்லை அம்மா, நாம்தான், என்று சொல்ல வாயைத் திறந்தேன். லூமினித்சா என் கையைப் பிடித்து அழுத்தினாள். மூடிக்கொண்டேன். சரியா தப்பா, தெரியவில்லை.

டோரு குழியை மூடும்வரை தொப்பி போடவில்லை.

பிப்ரவரி 20

கீழ்க் கொட்டகைப் புல்லைத்தான் ஆடுகள் தின்கின்றன. எலி தின்ற புல் இல்லை, முதல் தரம். குட்டிகள் வர ஆரம்பித்துவிட்டன. தூங்க நேரமில்லை.

இரவு பனி பெய்தது. காலையில் வழி வெட்டினேன். பழைய சந்தோஷம் வருமா என்று நின்று பார்த்தேன். கொஞ்சம் வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

பிப்ரவரி 26

சித்தி நிலையிலிருந்த பூண்டையெல்லாம் கத்தியால் சுரண்டி, சுடுதண்ணீர் விட்டுக் கழுவினாள். அப்புறம் வாசலுக்கு வெளியே ஆணி அடித்து மணியை மாட்டினாள்.

"இனிமே இதை அடிச்சாத்தான் திறப்பேன்," என்றாள். "யாரா இருந்தாலும். ஒரு தடவை போதும்."

நான் இப்போது "சித்தி" என்றால் முதல் தடவையே திரும்புகிறாள்.

மார்ச் 4

குட்டிகள் முடியும்வரை இருக்கிறேன் என்று அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன்.

இரண்டு நாளாக மழை. சரிவெல்லாம் திட்டுத் திட்டாகக் கறுப்பு மண். டிராக்டர் முழுசாகத் தெரிகிறது. கீழ்க் கொட்டகை பகலில் பார்த்தால் சின்னதாக, அற்பமாக இருக்கிறது. உர்சு வீட்டுக்கே திரும்பிவிட்டது, அடுப்போரம் படுக்கிறது.

பொழுது சாயும் நேரம். சித்தி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள், நான் குட்டிகளுக்குப் பால் கலந்துகொண்டிருந்தேன். கதவில் தாழ்ப்பாள் போட்டிருந்தது, சித்தி போட்டது. சித்தப்பா தொழுவத்திலிருந்து வந்தார். முழங்காலை இழுத்து நடக்கும் சத்தம் வாசலில் நின்றது.

"சாவெத்தா!"

சித்தி சீவிக்கொண்டிருந்தாள்.

"சாவெத்தா!"

தோல் நீளமாக ஒரே சுருளாக இறங்கியது.

"சாவெத்தா! நான்தான். மூணு தடவை கூப்பிட்டாச்சு."

நான் எழுந்தேன். "உட்காருடி," என்றாள் சித்தி. "மழைதான். நனைவாரு, அவ்வளவுதான்."

உட்கார்ந்தேன். மணி அவர் முகத்துக்கு நேரே தொங்குகிறது, கையைத் தூக்கினால் போதும். இந்த ஒரு வாரமாக அவர் அதைத் தொட்டதே இல்லை. நாங்கள் யாராவது வெளியே வரும்வரை தொழுவத்திலேயே காத்திருந்து, எங்களோடு சேர்ந்து நுழைந்துவிடுவார்.

கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அவர் மறுபடி கூப்பிடவில்லை. போகவும் இல்லை. மூச்சு வாங்குவது கேட்டது. உர்சு தலையைத் தூக்கிக் கதவைப் பார்த்தது.

அடுத்த உருளைக்கிழங்கும் முடிந்தது.

அப்புறம் மணி அடித்தது. ஒரு தடவை. மெதுவாக.

சித்தி கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.